லினக்ஸ் உட்கரு: தெரிவும் நிறுவலும்

நுழையும்முன்

இணையத்தின் வழியே அனுப்பப்படும் ஒவ்வொரு வேண்டுகோளும் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் சேவையகம் என்னும் கணினியைச் சென்றடைகிறது. பலர் கேட்பதை ஒரே நேரத்தில் எடுத்து வழங்குவதே அதன் பணி. இரவு பகல் பாராது இயங்கும் அக்கணினியின் நடுவே ஒரு நிரல் உள்ளது. அதனை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டாலும் இடர் நேரும். ஆராயாமல் மாற்றினாலும் இடர் நேரும். இவ்விரண்டு இடர்களுக்கும் இடையே தக்கதைத் தெரிந்து, தக்கவாறு நிறுவும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

உட்கருவின் பணி

கணினி, வன்பொருளும் மென்பொருளும் இணைந்து இயங்கும் அமைப்பாகும். பயனர் காணும் உலாவி, உரைத்தொகுப்பி, தரவுத்தளம் முதலிய மென்பொருள்கள் எவையும் வன்பொருளை நேரடியாக அணுகுவதில்லை. வட்டில் எழுத விரும்பினாலும், வலையமைப்பின் வழியே செய்தி அனுப்ப விரும்பினாலும் அவை இடையில் உள்ள ஒரு நிரலிடம் வேண்டுகோள் வைக்கின்றன. அந்த நிரலே கெர்னல். ஆங்கிலத்தில் இச்சொல் விதையின் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். தமிழில் இதனை உட்கரு எனலாம்.

உட்கருவின் பணிகள் பல. நூறு நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டுமெனில், செயலகத்தின் நேரத்தை அவற்றுக்குப் பகிர்ந்தளிப்பது உட்கருவே. எந்த நிரலுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் என்று வரையறுப்பதும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாமல் காப்பதும் அதுவே. வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய கருவிகளை இயக்கும் இயக்கிகள் அதன் உறுப்புகளாகும். எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்னும் உரிமையைக் காக்கும் பொறுப்பும் அதனிடமே உள்ளது.

பிற மென்பொருளில் பிழை ஏற்பட்டால் பெரும்பாலும் அம்மென்பொருள் மட்டுமே நின்றுபோகும். உட்கருவில் பிழை ஏற்பட்டால் கணினியே நின்றுபோகலாம். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. கணினி நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்க, உரிமை இல்லாதவர் கோப்புகளைத் திருத்திவிடக்கூடும். வாயிற்காவலர் உறங்கிய பின் வீட்டின் பூட்டுகளால் பயன் என்ன? உட்கருவைப் புதுப்பித்தல் மற்ற மென்பொருள்களைப் புதுப்பிப்பதினும் பொறுப்பு மிக்க பணியாவது இதனால்தான்.

பிறப்பும் இரு கொள்கைகளும்

பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தோராம் வயதில், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, தாம் ஓர் இயக்க அமைப்பை எழுதிவருவதாக அறிவித்தார். அதன் முதல் பதிப்பு ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளைக் கொண்டிருந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் பொதுவுரிமத்தின்கீழ் அது பின்னர் வெளியிடப்பட்டது. உலகெங்குமுள்ள நிரலர்கள் அதில் பங்கேற்றனர். இன்று லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் மூன்று கோடி வரிகளைக் கடந்துள்ளது. அவற்றுள் பெரும்பகுதி பல்வகைக் கருவிகளை இயக்கும் இயக்கிகளுக்கு உரியது.

புதுப்பித்தலை விளங்கிக்கொள்ள, இந்த வளர்ச்சியை நெறிப்படுத்தும் இரண்டு கொள்கைகளை அறிதல் வேண்டும். உட்கருவை நம்பி இயங்கும் பயனர் மென்பொருள்கள் உட்கருவின் மாற்றத்தால் பழுதுபடலாகாது என்பது முதற்கொள்கை. டோர்வால்ட்ஸ் இதனை உறுதியாக வலியுறுத்தி வருகிறார். ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மென்பொருளும் புதிய உட்கருவின்மீது பெரும்பாலும் இடரின்றி இயங்கும். உட்கருவின் உள்ளமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது இரண்டாம் கொள்கை. உட்கருவின் மூலநிரலில் சேராமல், தனியாக எழுதப்பட்டு வெளியிலிருந்து இணைக்கப்படும் இயக்கிகளுக்கு இக்கொள்கை எவ்வித உறுதியும் அளிப்பதில்லை. எனவே புதுப்பித்தலின்போது பழுதுபடும் வாய்ப்பு மிகுந்தவை இத்தகைய வெளியியக்கிகளே.

தெரிந்து தெளிவோம்

உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளிருப்பதும் லினக்ஸ் உட்கருவே. சென்னையிலுள்ள சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயக்க அமைப்பும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

பதிப்பெண்ணைப் படித்தல்

ஒவ்வோர் உட்கருவுக்கும் ஒரு பதிப்பெண் உண்டு. 6.1.66 என்பதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் இரண்டு எண்களாகிய 6.1 என்பது ஒரு தொடரைக் குறிக்கும். இறுதியிலுள்ள 66, அத்தொடரில் வெளிவந்த திருத்தப் பதிப்பின் வரிசையைக் குறிக்கும். முதலெண் 5இலிருந்து 6ஆக மாறியதில் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. இரண்டாம் எண் மிகப் பெரிதாகும்போது முதலெண்ணைக் கூட்டிக்கொள்வது வழக்கம், அவ்வளவே. ஆகவே, முதலெண் மாறியதைக் கண்டு மருளவும் வேண்டா, மயங்கவும் வேண்டா.

உட்கருப் பதிப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் புதிய தொடர் முதன்மைப் பதிப்பு எனப்படும். புதிய வசதிகளும் புதிய இயக்கிகளும் இதன்வழியே நுழைகின்றன. அது வெளிவந்தபின் கண்டறியப்படும் பிழைகளை மட்டும் திருத்தி வெளியிடப்படுவது நிலைப்பதிப்பு. அடுத்த தொடர் வந்த சிறிது காலத்தில் முந்தைய நிலைப்பதிப்புக்கான திருத்தங்கள் நின்றுவிடும். சில தொடர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, குறைந்தது ஈராண்டுகளுக்குத் திருத்தங்களைப் பெறும். அவை நீடுகாலப் பதிப்புகள். 5.10, 5.15, 6.1, 6.6, 6.12 ஆகிய தொடர்கள் அவ்வகையின.

தாழ்த்தினால் வரும் இடர்

2021ஆம் ஆண்டு செருமனியில் இணையதளங்களுக்கு இடம் வழங்கும் நிறுவனம் ஒன்றில், பதிவுக்கோப்புகள் சில பழுதடைந்திருப்பதாக வாடிக்கையாளரிடமிருந்து முறையீடு வந்தது. சுருக்கிச் சேமிக்கப்பட்ட அக்கோப்புகளை விரிக்க முயன்றால் இறுதியில் பிழை காட்டியது. கோப்பைத் திருத்திக் கொடுத்ததோடு அந்நிகழ்வு முடிந்தது. ஆனால், சில மாதங்களில் அதே பழுது மீண்டும் தோன்றியது. மேலும் சிலமுறை தோன்றியது. மேக்ஸ் கெல்லர்மன் என்னும் நிரலர் பழுதடைந்த கோப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பழுதுகள் பெரும்பாலும் மாதத்தின் இறுதி நாளுக்குரிய கோப்புகளிலேயே இருந்தன. கோப்பின் கடைசி எட்டு பைட்டுகள் மட்டுமே மாறியிருந்தன. தம் மென்பொருளில் பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின் அவருடைய ஐயம் உட்கருவின் பக்கம் திரும்பியது.

2022 பிப்ரவரியில் உண்மை புலப்பட்டது. உட்கரு, படிக்கப்படும் கோப்பின் படி ஒன்றை நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்குத் தரவைக் கடத்தக் குழாய் என்னும் ஏற்பாடும் உட்கருவில் உண்டு. குழாயின் ஒரு பகுதியில், ஒரு குறிக்குத் தொடக்க மதிப்பு இடப்படாமல் விடப்பட்டிருந்தது. அதனால், குழாயில் எழுதப்படும் தரவு, நினைவகத்திலிருந்த கோப்புப் படியின்மீதே எழுதப்படும் நிலை உண்டாயிற்று. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பையும் இவ்வழியே மாற்ற முடிந்தது. எளிய பயனர் ஒருவர் கடவுச்சொற்களுக்குரிய கோப்பைத் திருத்தி, கணினி முழுவதையும் தம் ஆளுகைக்குள் கொண்டுவர இது போதும். ஆங்கிலத்தில் டர்ட்டி பைப் எனப் பெயர்பெற்ற இக்குறைபாட்டை நீக்க இரண்டு வரிகளே போதுமானவையாக இருந்தன.

கெல்லர்மன் பிப்ரவரி 20 அன்று உட்கருவின் பாதுகாப்புக் குழுவினருக்கு இதனைத் தெரிவித்தார். பிப்ரவரி 23 அன்று 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய திருத்தப் பதிப்புகள் வெளிவந்தன. மார்ச் 7 அன்று குறைபாட்டின் முழு விளக்கமும் உலகறிய வெளியிடப்பட்டது. அந்நாள் முதல், திருத்தம் பெறாத ஒவ்வொரு சேவையகமும் திறந்த வீடாயிற்று. குறைபாட்டை அறிந்தவர் ஒருவராக இருந்தவரை மறைவே ஓரளவு காப்பாக இருந்தது. ஊரறிந்தபின் காப்பாவது திருத்தம் ஒன்றே.

இந்நிகழ்வில் கருத்தில் கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உள்ளது. இக்குறைபாடு 2020இல் வெளிவந்த 5.8 பதிப்பிலிருந்தே தாக்குதலுக்கு இடமளித்தது. அதற்கு முற்பட்ட 4.19 போன்ற தொடர்களை இது தாக்கவில்லை. அதாவது, புதியது என்பதனாலேயே ஒரு பதிப்பு காப்பானது ஆகிவிடாது. பழையது என்பதனாலேயே அது இடர் மிக்கது எனவும் கூற இயலாது. தத்தம் கணினியில் இயங்கும் பதிப்பு எது, அதனைக் குறைபாடு தொடுமா என்று பார்த்தறிவதே முறை.

விரைந்தால் வரும் இடர்

காலம் தாழ்த்துதல் தீங்கெனில், திருத்தம் வந்தவுடன் நிறுவுவது எப்போதும் நன்றாகுமா? 2023 திசம்பரில் நிகழ்ந்தது இதற்கு விடை கூறும். டெபியன் என்பது தன்னார்வலர்களால் பேணப்படும் புகழ்பெற்ற லினக்ஸ் வழங்கல். உட்கருவோடு வேண்டிய மென்பொருள்கள் பலவற்றையும் தொகுத்துத் தருவதே வழங்கல் எனப்படும். டெபியன் 12.3 பதிப்பு திசம்பர் 9 அன்று வெளிவருவதாக இருந்தது. அதில் சேர்க்கப்படவிருந்த உட்கரு 6.1.64. அது நீடுகாலத் தொடரைச் சேர்ந்தது. பிழைத்திருத்தங்களை மட்டுமே கொண்டது. ஐயுற இடமில்லாததுபோல் தோன்றியது.

ஆனால், அதில் ஒரு பழுது இருந்தது. புதிய தொடரில் செய்யப்பட்ட திருத்தம் ஒன்று 6.1 தொடருக்குக் கொண்டுவரப்பட்டது. அத்திருத்தம் சரியாக இயங்குவதற்கு முன்தேவையான மற்றொரு மாற்றம் 6.1 தொடரில் இல்லை. தனித்தனியே பார்த்தால் பிழையற்ற இரண்டு பகுதிகள், ஒன்று மட்டும் வந்து சேர்ந்ததால் பிழையாயின. அதன் விளைவாக, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையில், வட்டில் நேரடியாக எழுதும் சில சூழல்களில் தரவு சிதையக்கூடிய நிலை ஏற்பட்டது. டெபியன் குழுவினர் 12.3 பதிப்பின் வெளியீட்டை நிறுத்தினர். புதுப்பிப்பதைத் தள்ளிவைக்குமாறு பயனர்களைக் கேட்டுக்கொண்டனர். திருத்தப்பட்ட 6.1.66 உட்கருவுடன் மறுநாளே 12.4 பதிப்பு வெளிவந்தது.

சேவையகம் நின்றுபோனால் மீண்டும் இயக்கிவிடலாம். சிதைந்த தரவோ காப்புநகல் இல்லையெனில் திரும்பாது. புதுப்பித்தலுக்கு முன் காப்புநகல் எடுத்தல் வெறும் சடங்கன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. வரும் திருத்தம் எத்தகையது, அது எவ்வளவு விரைவை வேண்டுவது என்று பகுத்தறிந்து காலத்தை வரையறுக்க வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது. வெளியார் தாக்கும் வாயிலை அடைக்கும் திருத்தத்திற்கு நாள்களைக் கூட எண்ணிப் பார்க்க வேண்டும். நெருக்கடியில்லாத திருத்தத்தைச் சில நாள்கள் பொறுத்து, பிறர் பட்டறிவைக் கண்டபின் நிறுவலாம்.

எண்ணை மட்டும் நம்பலாகாது

உட்கருவின் மூலநிரலை அப்படியே எடுத்து நிறுவுவோர் சிலரே. பெரும்பாலான சேவையகங்கள் டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்ற வழங்கல்களின் வழியாகவே உட்கருவைப் பெறுகின்றன. இவ்வழங்கல்கள் ஒரு தொடரைத் தேர்ந்துகொண்டு, அதனைப் பல்லாண்டுகள் பேணுகின்றன. புதிய பதிப்பில் வந்த திருத்தத்தைப் பிரித்தெடுத்துத் தம் பழைய பதிப்பில் பொருத்துகின்றன. இதனைப் பின்பொருத்தல் எனலாம்.

இதனால் பதிப்பெண் மட்டும் முழு உண்மையைக் கூறாது. முன்னர்க் கண்ட குழாய்க் குறைபாடு 5.10 தொடரில் 5.10.102 பதிப்பில்தான் நீங்கியது. டெபியன் 11 வழங்கலிலோ அக்குறைபாடு 5.10.92-2 என்னும் பதிப்பிலேயே நீக்கப்பட்டது. 92 என்பது 102ஐ விடச் சிறியது எனக் கொண்டு, இது காப்பற்றது என்று ஒருவர் முடிவு செய்தால் அது தவறாகும். இறுதியிலுள்ள 2 என்னும் எண்ணே டெபியன் குழு பொருத்திய திருத்தத்தைக் குறிக்கிறது. இதேபோல் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஒன்பதாம் பதிப்பு 5.14 என்னும் அடிப்படை எண்ணையே தொடர்ந்து தாங்கி வருகிறது. அதன் உள்ளே பொருத்தப்பட்ட மாற்றங்களோ மிகப் பல. எனவே குறைபாடு நீங்கியதா என்பதை அறிய, வழங்கல் வெளியிடும் பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்க வேண்டும். எண்களை ஒப்பிடுவது மட்டும் போதாது.

ஏற்றதைத் தெரிதல்

ஒரு செயலில் இறங்குமுன் ஆராய வேண்டியதன் தேவையைத் ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் தனி அதிகாரமாகவே வகுத்தவர் திருவள்ளுவர். உட்கருவைத் தெரிவதிலும் அந்த ஆராய்ச்சியே முதற்படி. சேவையகத்தைப் பேணுவோர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள்ளன.

எதற்காக மாற்றுகிறோம் என்பது முதல் வினா. இதற்குத் தக்க விடைகள் மூன்றே. பாதுகாப்புக் குறைபாட்டை நீக்குதல் ஒன்று. இப்போதைய உட்கரு அறியாத புதிய வன்பொருளை இயக்குதல் மற்றொன்று. சேவையகம் எதிர்கொள்ளும் குறிப்பிட்ட பிழையை நீக்குதல் அல்லது அதற்குத் தேவையான வசதியைப் பெறுதல் மூன்றாவது. புதியது வந்துவிட்டது என்பது மட்டுமே காரணமாகாது.

உட்கரு யாருடையது என்பது இரண்டாம் வினா. ஒரே கணினியைப் பல கொள்கலன்களாகப் பிரித்து வாடகைக்கு விடும் முறை இன்று பரவலாக உள்ளது. அத்தகைய கொள்கலன்கள் அனைத்தும் தாய்க்கணினியின் உட்கருவையே பகிர்ந்துகொள்கின்றன. அங்கே வாடகையாளர் உட்கருவை மாற்ற இயலாது. தாய்க்கணினியின் உரிமையாளரே மாற்ற வேண்டும். மெய்நிகர்க் கணினிகளில் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனி உட்கரு உண்டு. ஆகவே, அதனைப் பேணும் பொறுப்பும் பயன்படுத்துவோரையே சாரும்.

எங்கிருந்து பெறுவது என்பது மூன்றாம் வினா. வழங்கல் தரும் இயல்பான உட்கருவே பெரும்பாலான சேவையகங்களுக்கு ஏற்றது. திருத்தங்கள் தாமாகவே வந்துசேரும். மற்ற மென்பொருள்களோடு சேர்த்து ஆய்வு செய்யப்பட்டிருக்கும். வன்பொருள் புதிதாக இருந்து, இயல்பான உட்கரு அதனை அறியாதபோது, அதே வழங்கல் தரும் புதிய தொடரை நாடலாம். எடுத்துக்காட்டாக, உபுண்டு 22.04 வழங்கல் 5.15 தொடருடன் வெளிவந்தது. புதிய வன்பொருள்களுக்காக 6.8 தொடரும் அதற்குப் பின்னர் வழங்கப்பட்டது. மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுத்தல் மூன்றாவது வழி. அது அறிவுக்கு விருந்து. ஆயின், பின்னர் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் கண்டறிந்து மீண்டும் மீண்டும் தொகுக்கும் சுமையும் அவரையே சேரும். அச்சுமையைச் சுமக்க ஆளில்லாத இடத்தில் அவ்வழியைத் தவிர்த்தலே நன்று.

வெளியியக்கிகள் உள்ளனவா என்பது நான்காம் வினா. வரைகலை அட்டை, சிறப்பு வகைச் சேமிப்பகம், தனிக் கோப்பு முறைமை ஆகியவற்றுக்கான வெளியியக்கிகள் இருப்பின், அவை புதிய உட்கருவுக்கும் கிடைக்கின்றனவா என்று முன்னரே உறுதிசெய்ய வேண்டும். சேமிப்பகத்துக்கான இயக்கி இல்லாமற்போனால், உட்கரு எழுந்தாலும் வட்டைக் காணாது தவிக்கும்.

நிறுவலுக்கு முன்

தெரிவு முடிந்தபின் முன்னேற்பாடுகள் தொடங்குகின்றன. இப்போது இயங்கும் உட்கரு எது என்பதனை ‘யூநேம்’ என்னும் கட்டளையால் அறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். தரவுகளுக்குக் காப்புநகல் எடுக்க வேண்டும். எடுத்த நகலிலிருந்து ஒரு சில கோப்புகளையேனும் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகல், நீந்திப் பார்க்காத நீச்சலறிவு போன்றது.

அடுத்து, தொடக்கக் கோப்புகள் வைக்கப்படும் பகுதியில் இடம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பல சேவையகங்களில் ‘பூட்’ என்னும் இப்பகுதி சிறியதாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். பழைய உட்கருக்கள் நீக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போனால் அது நிறைந்துவிடும். இடமின்றி அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பினால் கணினி எழாமற்போவது அரிதான நிகழ்வன்று.

சேவையகத்தை ஒத்த வேறொரு கணினியில் முதலில் நிறுவிப் பார்த்தல் சிறந்தது. பல சேவையகங்கள் இருப்பின், ஒன்றில் மட்டும் நிறுவி, சில நாள்கள் கண்காணித்தபின் ஏனையவற்றுக்குச் செல்லலாம். பயனர்கள் குறைவாக உள்ள நேரத்தைத் தேர்ந்து, முன்னறிவிப்புச் செய்தலும் வேண்டும்.

நிறுவலும் மறுதொடக்கமும்

நிறுவும் செயல் மிக எளியது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘ஆப்ட்’ என்னும் கருவியும், ரெட் ஹேட் வகையில் ‘டிஎன்எஃப்’ என்னும் கருவியும் இப்பணியைச் செய்கின்றன. புதிய உட்கரு பழையதன்மீது எழுதப்படுவதில்லை. அதன் அருகே தனியாக வைக்கப்படுகிறது. உட்கருவுடன் ஒரு தொடக்கநிலைக் கோப்பமைப்பும் உருவாக்கப்படுகிறது. வட்டை அணுகத் தேவையான இயக்கிகளைச் சுமந்து, தொடக்கத்தின் முதற்சில நொடிகளில் உட்கருவுக்குக் கைகொடுப்பது அதுவே. இறுதியாக, ‘கிரப்’ என்னும் தொடக்க ஏற்றியின் பட்டியலில் புதிய உட்கரு சேர்க்கப்படுகிறது.

நிறுவியதாலேயே புதிய உட்கரு இயங்கத் தொடங்கிவிடாது. நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருப்பது இன்னும் பழையதே. மறுதொடக்கம் செய்யும்வரை, நீக்கப்பட்டதாகக் கருதப்படும் குறைபாடும் இயங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் புதுப்பித்துவிட்டோம் என்று பலர் எண்ணியிருக்க, சேவையகம் பல மாதங்களாகப் பழைய உட்கருவிலேயே ஓடுவதுண்டு. நிறுத்தாமல் எத்தனை நாள் ஓடியது என்பதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று நெடுநாள் மறுதொடக்கம் காணாத சேவையகம், நெடுநாள் திருத்தம் காணாத சேவையகமாக இருக்கக்கூடும்.

நிறுத்தவே இயலாத சேவையகங்களுக்கு உயிர்த்திருத்தம் என்னும் முறை உள்ளது. இயங்கிக்கொண்டிருக்கும் உட்கருவில் பிழையுள்ள செயற்கூற்றை மட்டும் திருத்திய கூற்றுக்குத் திருப்பிவிடும் இம்முறை, 2015இல் வெளிவந்த 4.0 பதிப்பில் உட்கருவோடு இணைந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் பலவற்றுக்கு இது உதவும். ஆயினும், எல்லா மாற்றங்களையும் இவ்வாறு செய்ய இயலாது. மறுதொடக்கத்தைத் தள்ளிவைக்க இது துணைபுரியுமேயன்றி, அதனை முற்றிலும் ஒழித்துவிடாது.

திரும்பும் வழி

தொலைவில் உள்ள சேவையகத்தை மறுதொடக்கம் செய்பவர், அது எழாவிட்டால் என்ன செய்வது என்பதனை முன்னரே எண்ணியிருக்க வேண்டும். புதிய உட்கரு பழையதன் அருகே வைக்கப்படுவதால் திரும்பும் வழி எப்போதும் திறந்தே உள்ளது. தொடக்க ஏற்றியின் பட்டியலில் பழைய உட்கருவைத் தெரிந்தால் போதும். ஆனால், அப்பட்டியலைக் காண வேண்டுமே! இதற்காகவே சேவையகங்களில் தொலைநிலைத் திரை வசதி அமைக்கப்படுகிறது. இயக்க அமைப்பு எழாதபோதும் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து காண அது உதவும். புதுப்பித்தலுக்கு முன்பே அவ்வசதி இயங்குகிறதா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

அவ்வசதி இல்லாவிடத்தும் ஓர் உத்தி உண்டு. பழைய உட்கருவையே இயல்புத் தெரிவாக வைத்துவிட்டு, அடுத்த ஒருமுறை மட்டும் புதியதை ஏற்றுமாறு தொடக்க ஏற்றிக்குக் கட்டளையிடலாம். உட்கரு மீளாப் பிழையில் சிக்கினால், குறித்த நொடிகளுக்குப்பின் தானே மறுதொடக்கம் செய்யுமாறும் அமைக்கலாம். இவ்விரண்டையும் இணைத்தால், புதிய உட்கரு இவ்வாறு வீழ்ந்தபோது கணினி தானாகவே பழைய உட்கருவுக்குத் திரும்பிவிடும். உட்கரு எழுந்தும் வலையமைப்பு மட்டும் இயங்காத நிலையில் தானே திரும்புதல் நிகழாது. அப்போதும் ஒருவர் மின்னிணைப்பைத் துண்டித்துத் தந்தால் பழைய உட்கருவே எழும்.

எழுந்தபின் செய்ய வேண்டியவையும் உள்ளன. ‘யூநேம்’ கட்டளையால் இயங்கும் பதிப்பை உறுதிசெய்ய வேண்டும். உட்கருவின் பதிவேட்டில் புதிய பிழைச்செய்திகள் உள்ளனவா என்று படிக்க வேண்டும். வட்டுகள், வலையமைப்பு, தரவுத்தளம் முதலியன முன்போலவே இயங்குகின்றனவா எனப் பார்க்க வேண்டும். அனைத்தும் நலமெனத் தெளிந்தபின் புதிய உட்கருவை நிலையான தெரிவாக்கலாம். அப்போதும் பழையதை உடனே நீக்கிவிடலாகாது. ரெட் ஹேட் வகை வழங்கல்கள் இயல்பாகவே மூன்று உட்கருக்களைக் காத்து வைப்பது இக்கருத்தினால்தான்.

புதுமையின்மீது கொண்ட விருப்பத்தால் மாற்றுவதும், மாற்றத்தின்மீது கொண்ட அச்சத்தால் மாற்றாதிருப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. காரணத்தை அறிந்து, அறிவிப்பைப் படித்து, காப்புநகல் எடுத்து, திரும்பும் வழியைத் திறந்து வைத்தபின் செய்யும் மாற்றம், பயனர் எவரும் அறியாமலே நிகழ்ந்து முடியும். பணம் செலுத்தியவருக்கு ரசீது வந்து சேரும். முன்பதிவு செய்தவருக்கு நேரம் உறுதியாகும். இடையில் சில நிமிடங்களில் ஓர் உட்கரு விடைபெற்று மற்றொன்று பொறுப்பேற்றதை அவர்கள் அறியார். அறியாதிருத்தலே அப்பணி செவ்வனே முடிந்தமைக்குச் சான்று.

கலைச்சொல் அறிவோம்

கெர்னல் – உட்கரு
சர்வர் – சேவையகம்
டிரைவர் – இயக்கி
பேக்கப் – காப்புநகல்
பேக்போர்ட் – பின்பொருத்தல்
லைவ் பேட்ச் – உயிர்த்திருத்தம்
பூட்லோடர் – தொடக்க ஏற்றி
ரீபூட் – மறுதொடக்கம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்கும் கணினி இருப்பின், ஆசிரியரின் துணையுடன் அதன் உட்கருப் பதிப்பெண்ணைக் கண்டறிந்து, ஒவ்வோர் எண்ணும் குறிப்பதை எழுதுக.

2. ‘திருத்தம் வந்த அன்றே நிறுவ வேண்டும்’, ‘சில நாள் பொறுத்து நிறுவ வேண்டும்’ என்னும் இரு கருத்துகளைப் பாடத்தில் கண்ட இரு நிகழ்வுகளின் துணைகொண்டு வகுப்பறையில் விவாதிக்க.

3. தொலைநிலைத் திரை வசதி இல்லாத சேவையகம் ஒன்றில் உட்கருவை மாற்றுவதற்கான செயல்திட்டத்தை, முன்னேற்பாடு முதல் சரிபார்த்தல் வரை படிநிலைகளாக வரைந்து காட்டுக.